வளர்கிற பிள்ளையும் மஞ்சள் அட்டையும்

திருப்பூரில் நின்றுகொண்டு துணியைப் பற்றிப் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான். தப்பிருந்தால் மேடையை விட்டு இறங்கியதும் காதைத் திருகுங்கள்.

இந்த ஊர் பிள்ளைத் துணி அமெரிக்காவுக்கும் கப்பலேறுகிறது. அதில் இரவு உடைக்கு மட்டும் அங்கே ஒரு தீப்பரீட்சை உண்டு. துணித் துண்டைத் தொங்கவிட்டு, அடி ஓரத்தில் 3 விநாடி கேஸ் சுடரைக் காட்டுவார்கள். ஐந்து துண்டுகளில் கருகிய நீளம் சராசரி 7 அங்குலத்தைத் தாண்டினால் துணி தோற்றது.

இதில் தேறுவதற்காக டிரிஸ் என்ற ரசாயனத்தைத் துணியில் ஏற்றினார்கள். நெருப்புக்குப் பயந்து நஞ்சைப் போர்த்திய கதை! புற்றுநோய் அபாயம் தெரிந்ததும் 1977-இல் அதைத் தடை செய்தார்கள்.

1996-இல் வேறு வழி திறந்தது. உடம்போடு ஒட்டிய உடையாக இருந்தால் அந்தப் பரீட்சை வேண்டாம். ஏன்? தொளதொளத்த கையும் விரிந்த பாவாடை ஓரமும்தான் முதலில் அடுப்பைத் தொடும். உள்ளே காற்று இருந்தால் தீ சரசரவென்று ஏறும். ஒட்டிய துணியில் அந்த இடைவெளி இல்லை. ஆகவே அதில் ஒரு மஞ்சள் அட்டை தொங்கும்: இது தீயைத் தாங்கும் துணியல்ல, பிள்ளைக்கு இறுக்கமாகப் போடுங்கள் என்று.

இரண்டு வழியிலும் தேறாத நைட்டியும் குளியல் அங்கியும்தான் அடிக்கடி திரும்பப் பெறப்படுகின்றன. அந்த அறிவிப்புகளைப் படித்துப் பாருங்கள். பெரும்பாலும், ‘காயம் எதுவும் பதிவாகவில்லை’ என்றே இருக்கும். ஒரு பிள்ளைக்கும் சுட்டதாகத் தகவல் இல்லை. ஆனாலும் விற்ற சரக்கைத் திரும்பக் கேட்கிறார்கள். ‘கத்தரிக்கோலால் வெட்டுங்கள், படம் எடுத்து அனுப்புங்கள், பணம் தருகிறோம்’ என்பார்கள். புதுத் துணியை வெட்ட நமக்குக் கை வருமா? தங்கச்சி பிள்ளைக்கு ஆகும் என்று மடித்து வைப்போம்.

நம் வீட்டுக் கணக்கே வேறு. ‘வளர்ற பிள்ளைதானே, ரெண்டு சைஸ் பெருசா எடு.’ என் அம்மா எனக்கு அப்படித்தான் எடுத்தாள். நானும் என் மகளுக்கு அப்படித்தான் எடுத்தேன். பள்ளிச் சட்டைக்கு அந்தக் கணக்கு சரி. படுக்கிற துணிக்கு வேண்டாம்.

இந்த ஊர்க் காதர்பேட்டையில் எக்ஸ்போர்ட் மிச்சம் வாங்கும்போது மஞ்சள் அட்டை கண்ணில் பட்டால் கிழித்துப் போடாதீர்கள் அம்மா. படித்துவிட்டு, பிள்ளையின் அளவுக்கே எடுங்கள்.