தொரட்டிக்கு எட்டாத குழை



தை மூன்றாம் நாள் அழகர் கோயிலில் கூடை கூடையாக வாழைப்பழத்தைச் சூறைவிடுகிற ஊர் நம் சேவுகம்பட்டி. வாழை வைப்பதற்கு முன்னால் தோட்டத்தில் ஆட்டுக்கிடை போடுகிறோம். புழுக்கையும் மூத்திரமும் மண்ணில் இறங்கினால்தான் தார் பெருக்கும். ஆகவே நாம் கிடைக்காரருக்குக் கடன்பட்டவர்கள். அந்தக் கடனைப் பற்றிப் பேசத்தான் இங்கே நிற்கிறேன்.

2016-இல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 சதவீதம் குறைந்துபோனது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி மாவட்டங்களாக அரசு அறிவித்தது. அந்தப் பங்குனியில் என் சித்தப்பா ஒருவரின் கிடையோடு நான் ஒருநாள் நடந்தேன். தரையில் ஒரு புல் இல்லை. தொரட்டிக்கு எட்டிய வேப்பங்குழையை எல்லாம் ஏற்கெனவே ஒடித்தாகிவிட்டது. அவர் தொரட்டியோடு இன்னொரு கம்பை வைத்துக் கயிற்றால் கட்டினார். அண்ணாந்து இழுத்தார். ஒரு கொத்து விழுந்தது. நாற்பது ஆடுகள் அதன்மேல் பாய்ந்தன. அடுத்த வியாழக்கிழமை அய்யலூர்ச் சந்தையில் சினை ஆடுகளைப் பாதி விலைக்குக் கொடுத்துவிட்டு வந்தார். அன்று அவர் விற்றது ஆட்டை மட்டுமா? அடுத்த வருடத்துக் குட்டிகளையும் சேர்த்தல்லவா விற்றார்!

அரசு அன்று சும்மா இருக்கவில்லை. கருகிய பயிருக்கு நிவாரணம் கொடுத்தது. நெல்லுக்கு ஏக்கருக்கு 5,465 ரூபாய், மானாவாரிக்கு 3,000 ரூபாய். கிலோ இரண்டு ரூபாய்க்கு வைக்கோல் கொடுக்கத் தீவனக் கிடங்குகளைத் திறந்தது. கட்டிவைத்த மாடுகள் அதனால் பிழைத்தன, நன்றியோடு சொல்கிறேன். ஆனால் பயிர் நிவாரணத்துக்கு அடங்கல் என்ற பயிர்க் கணக்கு வேண்டும். ஊர்ப் புறம்போக்கில் மேய்ப்பவருக்கு ஏது அடங்கல்?

2022 முதல் 2026 வரைக்கான ஒன்றிய அரசின் பேரிடர் நிவாரண விதிகளைப் பாருங்கள். கறவை மாடு செத்தால் 37,500 ரூபாய். ஆடு செத்தால் 4,000 ரூபாய். நிவாரண முகாமில் கட்டிய பெரிய கால்நடைக்குத் தீவனச் செலவு நாளொன்றுக்கு 80 ரூபாய், சிறியதற்கு 45 ரூபாய். கிடை ஆடு முகாமில் நிற்காது. நடந்து மேய்வது அது. அது சாகிறவரை மேய்ப்பவரும் காத்திருக்க மாட்டார், விற்றுவிடுவார். செத்த ஆட்டுக்குக் கணக்கு உண்டு. வயிறு காய்ந்து விற்ற ஆட்டுக்கு எந்த ஏட்டில் கணக்கு இருக்கிறது?

அமெரிக்காவில் 2008-இல் வந்த ஒரு சட்டம் மேய்ச்சல் வறட்சிக்கு நிவாரணத் திட்டம் கொண்டுவந்தது. 2014-இல் அந்தத் திட்டத்தை நிரந்தரமாக்கினார்கள். வாரந்தோறும் வறட்சி வரைபடம் வெளியாகிறது. ஒரு வட்டாரத்தில் வறட்சி குறித்த அளவைத் தாண்டி நீடித்தால், மாதத் தீவனச் செலவில் 60 சதவீதத்தை மேய்ச்சல்காரருக்குக் கொடுக்கிறார்கள். குத்தகை நிலத்தில் மேய்ப்பவருக்கும் உண்டு. அங்கே புல்லும் ஒரு பயிர். நமக்கு மட்டும் அது ஏன் வெறும் புல்?

மூன்று கோரிக்கைகள் வைக்கிறேன். ஒன்று, பிர்க்கா அளவில் மழைக்கணக்கை வைத்து மேய்ச்சல் வறட்சியை அறிவியுங்கள். இரண்டு, தலைக்கு இவ்வளவு என்று தீவனப் பணத்தைக் கையில் கொடுங்கள். ஆட்டுக்கொல்லி நோய்க்குத் தடுப்பூசி போடும்போது தலை எண்ணி எழுதுகிறார்களே, அந்த ஏடே மேய்ப்பவரின் அடங்கலாக இருக்கட்டும். மூன்று, மிச்சமிருக்கும் மேய்க்கால் புறம்போக்கை அளந்து, கல் நட்டுக் காப்பாற்றுங்கள். இந்த மூன்றாவது வேலையைத் தொடங்கச் சென்னையிலிருந்தோ டெல்லியிலிருந்தோ யாரும் வர வேண்டியதில்லை. நம் பேரூராட்சியில் நாமே குரல் எழுப்பலாம்.

2026-ஐ மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்களுக்குமான சர்வதேச ஆண்டாக ஐக்கிய நாடுகள் சபை அறிவித்திருக்கிறது. அந்தப் பெருமை நம் ஊர் மந்தைக்கும் வந்து சேர வேண்டும்.

மழை இன்னொரு முறை பொய்க்கத்தான் செய்யும். அன்று என் சித்தப்பா தொரட்டிக்கு இரண்டாவது கம்பைக் கட்டுவதற்கு முன்னால் நிவாரணம் அவர் கைக்கு வந்துவிட வேண்டும். சினை ஆடு சந்தைக்குப் போகாமல் கிடையிலேயே குட்டி போட வேண்டும். அதற்கு இந்த ஊர் ஒன்றாக நிற்க வேண்டும் என்று கேட்டு அமர்கிறேன்.