நீருக்கடியில் ஒரு சிறு யந்திரம்



மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்த காலத்தைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டில் நடைபெற்றது. கல் கட்டிய கயிற்றில் காலை ஊன்றிக்கொண்டு குளியாள் கடலுக்குள் இறங்குவான். தோணியில் ஒருவன் மற்றொரு கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பான். கயிறு அசைந்தால் உடனே இழுக்க வேண்டும். அந்தக் கயிற்றைப் பெரும்பாலும் மச்சினனிடந்தான் கொடுப்பார்கள் என்று சொல்வதுண்டு. தன் உடன்பிறந்தாளின் தாலி அந்தக் கயிற்றில் இருக்கிறது என்ற நினைவு, அவன் கையைத் தளரவிடாது அன்றோ?

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருளும் ஒரு கயிற்றின் நுனியில் நீருக்குள் இறங்குவதுதான். ஆனால் அது மனிதன் அன்று, யந்திரம். ஆர்.ஓ.வி. என்று மூன்றெழுத்தால் அதனைச் சுருக்கி அழைக்கிறார்கள். கரையிலோ படகிலோ இருப்பவர் இயக்க, நீருக்கடியில் சென்று பார்த்து வரும் ஊர்தி என்று அதற்குப் பொருள் கொள்ளலாம்.

இவ்வகை யந்திரத்தின் ஆற்றலை உலகம் நன்கு அறிந்தது 1966-ஆம் ஆண்டில். அவ்வாண்டு ஜனவரியில் ஸ்பெயின் நாட்டிலுள்ள பாலோமாரெஸ் என்னும் ஊருக்கு மேலே, அமெரிக்க இராணுவ விமானங்கள் இரண்டு மோதிக்கொண்டன. நான்கு ஹைட்ரஜன் குண்டுகள் கீழே விழுந்தன. அவற்றுள் ஒன்று மத்தியதரைக் கடலில் மூழ்கியது. ஏறத்தாழ 870 மீட்டர் ஆழத்தில் கிடந்த அக்குண்டை, ஏப்ரல் மாதத்தில் 'கர்வ்' என்னும் யந்திரத்தின் துணையால் மேலே கொணர்ந்தார்கள். குண்டோடு இணைந்திருந்த பாராசூட்டின் கயிறுகளில் கர்வ் தானும் சிக்கிக்கொண்டது. இரண்டையும் சேர்த்தே தூக்க வேண்டியதாயிற்று. கயிற்றில் சிக்குவது இத்தொழிலில் எவ்வளவு பழைய சங்கடம் என்பதற்கு இதுவே சான்று. நம் சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தாரின் 'ரோசப் 6000' என்னும் யந்திரம், 2010-ஆம் ஆண்டில் இந்துமாக்கடலில் 5,289 மீட்டர் ஆழம் வரை இறங்கிற்று.

இவையெல்லாம் யானைகள். நான் சொல்லப்போவது அணிற்பிள்ளையைப் பற்றி. 1997-இல் ஹாரி போம், விக்கி ஜென்சன் என்னும் இருவர் ஒரு நூல் எழுதினார்கள். வீடுகளில் தண்ணீர் செல்லும் பிளாஸ்டிக் குழாய்களைக் கொண்டே பள்ளிப் பிள்ளைகள் இத்தகைய யந்திரம் ஒன்றைச் செய்யலாம் என்று அந்நூல் காட்டிற்று. அதில் கண்ட 'ஸீ பெர்ச்' என்னும் வடிவத்தை, 2003-இல் அமெரிக்காவின் மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் ஆசிரியர்களுக்குக் கற்பிக்கும் திட்டமாக எடுத்துக்கொண்டனர். அந்த வழியைப் பின்பற்றி, கடற்கரையூர்ப் பள்ளி ஒன்றின் அறிவியல் மன்றத்து மாணாக்கரோடு சேர்ந்து நானும் ஒன்று செய்தேன். தலைமையாசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பின்பு, நானே மீண்டும் மாணவனாக அமர்ந்து கற்ற பாடம் அது.

எங்கள் யந்திரம் ஒரு சிறு கூடையளவு இருக்கும். குழாய்ச் சட்டம் ஒன்று. மெழுகு நிரப்பி நீர்புகாமல் அடைத்த மோட்டார்கள் மூன்று. இரண்டு மோட்டார்கள் முன்னும் பின்னும் செலுத்தவும் திருப்பவும் உதவும். மூன்றாவது, மேலும் கீழும் செல்ல உதவும். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் உருளை ஒன்றினுள் காமிரா இருக்கும். மின்சாரம் தரும் 12 வோல்ட் பாட்டரி கரையிலேயே இருக்கும். இரண்டுக்கும் இடையே நீண்டு செல்வது கேபிள். நாங்கள் அதனை வடம் என்று அழைத்தோம்.

கம்பியில்லாமலே எல்லாம் நடக்கும் இக்காலத்தில் வடம் எதற்கு என்று கேட்கலாம். கடல்நீர் வானொலி அலைகளை விழுங்கிவிடுகிறது. வானொலியில் பேசிக்கொண்டே இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது! காமிரா காணும் காட்சியைக் கணத்துக்குக் கணம் மேலே அனுப்ப வடமே தக்க வழி.

இதனை இயக்குவதில் முதற் பாடம் சமன் செய்தல். யந்திரத்தைத் தொட்டியில் விட்டால், அது மூழ்கவும் கூடாது; துள்ளி மிதக்கவும் கூடாது. மிகச் சிறிதளவே மேல்நோக்கி எழும்படி எடையை அமைக்க வேண்டும். நடுவில் மின்சாரம் நின்றுவிட்டால் அது தானாகவே மெல்ல மேலே வந்து சேரும். மிதவைகளை மேற்புறத்திலும் எடைகளைக் கீழ்ப்புறத்திலும் வைத்தால் அது கவிழாது நிற்கும். குளத்தில் சமன் செய்த யந்திரத்தை அப்படியே கடலில் விட்டுவிட முடியாது. கடல்நீர் நன்னீரைவிடச் சுமார் நூற்றுக்கு இரண்டரைப் பங்கு கனமானது. நான்கு லிட்டர் நீரை விலக்கும் யந்திரத்துக்குக் கடலில் ஏறத்தாழ 100 கிராம் எடை கூடுதலாகச் சேர்க்க வேண்டும். ஆர்க்கிமிடீஸின் தத்துவத்தைக் கரும்பலகையில் முப்பது ஆண்டுகள் எழுதியவன் நான். ஆயினும் அதனைக் கைவிரலால் உணர்ந்தது இந்த 100 கிராமில்தான்.

இரண்டாம் பாடம் வடத்தைக் காத்தல். யந்திரத்தை ஓட்டுபவர் ஒருவராகவும் வடம் பிடிப்பவர் வேறொருவராகவும் இருக்க வேண்டும். ஓட்டுபவரின் கண் திரையை விட்டு அகலாது. ஆகவே நீருக்கும் கரைக்கும் நடுவில் நிகழ்வதைக் காண்பவர் வடம் பிடிப்பவரே. தளர விட்டால் வடம் சுற்றிக்கொள்ளும். இறுக்கிப் பிடித்தால் யந்திரம் நகராது. சிக்கிக்கொண்டால் இழுக்கக் கூடாது. சென்ற வழியே திரும்பி வந்தால் பெரும்பாலான சிக்கல்கள் தாமே அவிழும். யந்திரத்தைத் தூக்கும்போது பாரம் கம்பி இணைப்புகளின் மேல் விழாதவாறு, வடத்தைச் சட்டத்தோடு முதலில் கட்டிவிட வேண்டும். சுருட்டும்போது எட்டு என்னும் இலக்கத்தைப் போல மாறி மாறிச் சுருட்டினால் முறுக்கு விழாது.

மூன்றாவது, பொறுமை. தரையை ஒட்டி வேகமாகச் சென்றால் விசிறிகள் சேற்றைக் கிளப்பிவிடும். பிறகு ஒன்றும் தெரியாது. தரைக்குச் சற்று மேலே நின்று, கலங்கல் படியும் வரை காத்திருக்க வேண்டும். காத்திருக்கத் தெரிந்த பிள்ளைகளே நல்ல ஓட்டிகளாக விளங்கினார்கள்.

இனிப் பேணும் முறையைச் சொல்கிறேன். கடலிலிருந்து எடுத்தவுடன் யந்திரத்தை நன்னீரில் சிறிது நேரம் ஊறவைத்துக் கழுவ வேண்டும். உப்பு உலர்ந்துவிட்டால் உலோகத்தை அரிக்கத் தொடங்கும். விசிறியின் அச்சில் நைலான் வலையிழையோ தலைமயிரோ சுற்றியிருந்தால் எடுத்துவிட வேண்டும். புறத்தே நன்றாக உலர்ந்த பின்புதான் காமிரா உருளையைத் திறக்கலாம். ஈரத்தோடு திறந்தால் சொட்டு நீர் உள்ளே விழும். மழைக்கால ஈரக் காற்றை உள்ளே வைத்து மூடினால், குளிர்ந்த நீரில் அது பனியாகப் படிந்து காட்சியை மறைக்கும்; ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலம் ஒன்றை உள்ளே வைப்பது நலம்.

எல்லாவற்றிலும் முக்கியமானது, உருளையின் மூடியிலுள்ள ரப்பர் வளையம். ஓ-ரிங் என்பார்கள். வீட்டுக் குக்கரின் காஸ்கெட்டுக்கு அது தம்பி. எங்கள் உருளையின் மூடி 10 சென்டிமீட்டர் விட்டமுள்ளது. 7 மீட்டர் ஆழத்தில் அதன்மேல் நீர் அழுத்தும் பாரம் ஏறத்தாழ 55 கிலோ. கடலில் 30 மீட்டர் சென்றால் 240 கிலோ ஆகிவிடும். அத்தனையையும் தடுத்து நிற்பது அந்த மெல்லிய வளையமே. நீரின் அழுத்தம் வளையத்தை அதன் இடுக்கிலேயே மேலும் இறுக்குகிறது. ஆகவே கசிவுக்குக் காரணம் பெரும்பாலும் ஆழம் அன்று. வளையத்தின் குறுக்கே கிடக்கும் மணலோ, தூசியோ, ஒரு மயிரோதான். கூர்மையான கருவியால் அதனைக் கிளப்பக் கூடாது. இழை உதிராத துணியால் துடைத்து, விரலால் தடவிப் பார்த்து, சிலிகான் கிரீஸை மினுமினுப்பு வரும் அளவுக்கு மட்டும் பூச வேண்டும். மூடிய பிறகு கைப்பம்பினால் உள்ளிருக்கும் காற்றில் ஒரு பகுதியை வெளியே இழுத்து, கால் மணி நேரம் மானியின் முள் நகராமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். முள் நின்றால் யந்திரம் இறங்கலாம்.

இவ்வளவும் தெரிந்திருந்த நான் செய்த பிழை ஒன்றைச் சொல்ல வேண்டியவனாக இருக்கிறேன்.

பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவரின் கிணற்றில், பம்பின் அடிக்குழாயிலுள்ள புட்வால்வில் நீர் நிற்கவில்லை. கிணற்றில் 7 மீட்டர் நீர். வழக்கமாக ஓர் ஆள் மூச்சடக்கி இறங்கிப் பார்த்து வருவார். அடைப்பு இன்னதென்று காமிராவில் தெரிந்துவிட்டால், குழாயைத் தூக்குவதா வேண்டாமா என்பதை மேலிருந்தே முடிவு செய்யலாம். ஒருவரும் இறங்க வேண்டாம். நாங்கள் வருகிறோம் என்று வாக்குக் கொடுத்தேன்.

அன்று காலை வண்டி வாசலில் நின்றது. வளையத்தைக் கவனிக்கும் பொறுப்பு எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியுடையது. அவள் வந்து சேர்வதற்குள் நானே உருளையை மூடிவிட்டேன். பம்பு வைத்துச் சோதிக்கவில்லை. நேரமாகிவிட்டது என்று எண்ணினேன். கிணற்றில் மோட்டாரின் மின்சாரத்தை அடியோடு துண்டித்த பின், யந்திரத்தை இறக்கினோம். குழாயின் பாதி தெரிந்தது, திரை மங்கிற்று, பிறகு அணைந்தது. மேலே இழுத்தபோது உருளை நிறைய நீர்.

நான் அந்தப் பெண்ணைப் பார்த்து, "வளையத்தை இப்படியா துடைப்பது?" என்று எல்லோர் முன்னிலையிலும் கடிந்தேன். "காலையில் நான் மூடலை, சார்" என்று அவள் தொடங்கினாள். நான் முடிக்க விடவில்லை. தோட்டக்காரர், "போகட்டும் சார்வாள்" என்று சொல்லிவிட்டு, வழக்கமான ஆளை அழைத்தார். அவருக்கு நாற்பது வயதுக்கு மேலிருக்கும். இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கினார். அவர் தலை நீருக்குள் மறைந்து மீண்டும் தோன்றும் வரை கிணற்று விளிம்பில் நின்று எண்ணினேன். மூன்று முறை இறங்கினார். ஒரு கந்தல் துணியோடு நலமாக வந்தார். ஆனால் நாங்கள் வாக்குக் கொடுத்தது, அவர் இறங்க வேண்டாம் என்பதற்காக அன்றோ?

மாலையில் உருளையை உலர்த்தித் திறந்தேன். வளையத்தின் குறுக்கே ஒரு மயிர் ஒட்டிக் கிடந்தது. அது வெள்ளை மயிர். எங்கள் மன்றத்தில் நரைத்த தலை ஒன்றே ஒன்றுதான் உண்டு. பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். 'மூடுமுன் பார்த்தவர்' என்ற கட்டத்தில் அன்றைய நாளுக்கு எதிரே ஒருவர் கையெழுத்தும் இல்லை. அப்பதிவேட்டைக் கோடிட்டுக் கொடுத்தவனே நான்.

மறுநாள் அந்தப் பெண்ணிடம், முந்தைய நாள் யார் முன்னிலையில் கடிந்தேனோ அவர்கள் முன்னிலையிலேயே, பிழை என்னுடையது என்று சொன்னேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. உருளையையும் துணியையும் எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினாள். அன்று முதல் ஒரு விதி வகுத்தோம். மூடுகிறவர் ஒருவர், பார்க்கிறவர் வேறொருவர். மூடுகிறவர் யாராயிருந்தாலும், பார்க்கிற பிள்ளை "இல்லை" என்று சொன்னால் யந்திரம் இறங்காது. அதன்பின் இரண்டு முறை அந்தப் பெண் என்னிடம் "இல்லை" என்றாள். இரண்டு முறையும் மீண்டும் திறந்து துடைத்தேன். ஒரு முறை தூசி இருந்தது. மற்றொரு முறை ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாத அந்த முறையும் வீணன்று என்றே கருதுகிறேன்.

பள்ளிகளில் இத்தகைய யந்திரம் செய்ய விரும்பும் ஆசிரிய நண்பர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். யந்திரத்தைச் செய்வதற்கு முன்பே பதிவேட்டைச் செய்யுங்கள். அதில் உங்கள் கையெழுத்துக்கும் ஓர் இடம் ஒதுக்குங்கள். அதனைச் சரிபார்க்கும் உரிமையை ஒரு மாணாக்கருக்குக் கொடுங்கள். கிணற்றங்கரைக்கும் குளக்கரைக்கும் பெரியவர் துணையின்றிப் பிள்ளைகளை அனுப்பாதீர்கள்.

முத்துக்குளித்த நாளில் கயிறு பிடித்தவனுக்குக் கீழே ஓர் உயிர் இருந்தது. அதனால் அவன் அயரவில்லை. எங்கள் வடத்தின் நுனியில் இருப்பது வெறும் குழாயும் மோட்டாரும்தானே என்று எண்ணி நான் அயர்ந்தேன். அன்று அந்தக் கிணற்றில் இறங்கியவரோ, மூச்சும் உயிரும் உள்ள ஒரு மனிதர்.