வீட்டில் செய்யும் ஸ்பீக்கர் பெட்டி



கேம்பல் பே, கிரேட் நிக்கோபார் தீவின் கிழக்குக் கரையில் உள்ள ஊர். இதே தீவின் தென்முனைதான் இந்திரா முனை. 1969-ஆம் ஆண்டு முதல் முன்னாள் ராணுவ வீரர்களின் குடும்பங்கள் இங்கே குடியேறின. பஞ்சாப், மகாராஷ்டிரம், கேரளம், தமிழ்நாடு என்று பல மாநிலத்தார் வந்தார்கள். ஆளுக்கு ஒரு மொழி. ஆளுக்கு ஒரு பாட்டு.

இந்த ஊரில் ஒரு வீட்டில் பாட்டுப் பெட்டி கெட்டுப்போனால் என்ன செய்வது? போர்ட் பிளேர் 500 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. அதன் பெயர் 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று மாறியது, தூரம் மாறவில்லை. கப்பலில் அனுப்பி, பழுது பார்த்து, திரும்பக் கப்பலில் வரவேண்டும். அதற்குள் பொறுமை போய்விடும். பல வீடுகளில் கெட்டுப்போன பெட்டி பரண்மேல் ஏறிவிடும். போட்ட பணமும் அதோடு பரண் ஏறும்.

ஸ்பீக்கரை நாமே செய்துகொள்ள முடியுமா? முடியும். அதற்கு வேண்டிய சாமான்கள் ஒரு தொகுப்பாகவே விற்கின்றன. அதைக் 'கிட்' என்பார்கள். சென்னையில் ரிச்சி தெருவில் இந்தச் சாமான்களுக்கென்றே கடைகள் இருக்கின்றன. மலிவாக முடியும் என்று மட்டும் நினைக்க வேண்டாம். கடையில் விற்கும் சின்னப் பெட்டி இதைவிட விலை குறைவாகக்கூட இருக்கும். ஆனால் தானே செய்த பெட்டியைத் தானே திறக்கலாம். எந்த உறுப்பு கெட்டதோ அதை மட்டும் மாற்றலாம். தீவில் இருப்பவருக்கு அதுதான் லாபம்.

ஒரு கணவன், மனைவி இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கப்பலில் கிட் வந்து இறங்கிவிட்டது. அட்டைப் பெட்டியைப் பிரிக்கிறார்கள். உள்ளே என்ன இருக்கும்?

பெரிய ஸ்பீக்கர் இரண்டு. இதற்கு 'ஊபர்' என்று பெயர். தாழ்ந்த ஓசையை, அதாவது மேளத்தின் 'தும்' என்ற ஓசையை, இது தரும். சின்ன ஸ்பீக்கர் இரண்டு. இது 'டுவீட்டர்'. ஜால்ராவின் 'கிண்' என்ற ஓசை இதிலிருந்து வரும். பிறகு இரண்டு சின்னப் பலகைகள். அவற்றில் கம்பிச் சுருளும் கெப்பாசிட்டரும் இருக்கும். இதைக் 'கிராஸ்ஓவர்' என்பார்கள். இது ஒரு சல்லடை மாதிரி. தாழ்ந்த ஓசையைப் பெரியதற்கும், உயர்ந்த ஓசையைச் சின்னதற்கும் பிரித்து அனுப்பும். இவற்றோடு ஒயர், திருகாணி, ஒயர் மாட்டும் முனைகள், உள்ளே வைக்கும் பஞ்சு, ஒரு வரைபடத் தாள். இவ்வளவுதான்.

ஸ்பீக்கர் எப்படிப் பேசுகிறது? பின்னால் ஒரு கனமான காந்தம். அதன் இடுக்கில் மெல்லிய கம்பிச் சுருள். சுருளோடு ஒட்டிய ஒரு கூம்பு. செட்டிலிருந்து வரும் மின்சாரம் சுருளில் பாயும்போது சுருள் முன்னும் பின்னும் அசையும். கூம்பும் அசையும். கூம்பு காற்றைத் தள்ளும். அந்தக் காற்றின் அதிர்வு காதில் விழும். 1925-இல் அமெரிக்காவில் ரைஸ், கெல்லாக் என்ற இருவர் இந்த முறையைச் செம்மையாக்கிக் காட்டினார்கள். இன்றுவரை பெரும்பாலான ஸ்பீக்கர்கள் அதே முறையில்தான் வேலை செய்கின்றன.

அப்படியானால் பெட்டி எதற்கு? வெறும் ஊபரைக் கையில் பிடித்துக்கொண்டு பாட்டுப் போட்டால் 'கீச் கீச்' என்று கேட்கும். மேளம் கேட்காது. காரணம் எளிது. கூம்பு முன்னால் காற்றைத் தள்ளும்போது பின்னால் காற்றை இழுக்கிறது. முன்பக்கத்து அதிர்வும் பின்பக்கத்து அதிர்வும் சுற்றிவந்து ஒன்றையொன்று அழித்துவிடும். பின்பக்கத்து அதிர்வை அடைத்து வைக்கத்தான் பெட்டி. காற்றுப் புகாமல் மூடிய பெட்டிக்கு இன்னொரு குணமும் உண்டு. உள்ளே அடைபட்ட காற்று ஒரு ஸ்பிரிங் போல நின்று கூம்பைத் தாங்கும். 1954-இல் எட்கர் வில்ச்சர் என்ற அமெரிக்கர் இதை வைத்து, சிறிய பெட்டியிலும் நல்ல மேள ஓசை வரும் என்று காட்டினார்.

சில கிட்டில் பெட்டிக்குக் காற்றுத் துளை இருக்கும். அதுவும் நல்ல முறைதான். ஆனால் இந்த ஊருக்கு மூடிய பெட்டியே மேல். துளை இருந்தால் ஈரக்காற்று போய்வரும். எறும்பு குடியேறும். பல்லி முட்டையிடும்.

இனி வேலைக்கு வருவோம். வரைபடத் தாளை மனைவி படிக்கிறாள். அவள் முதியோர் கல்வியில் எழுத்துக் கற்றவள். 'அகலம் 200, உயரம் 330, ஆழம் 250. பலகை 18' என்று எழுதியிருக்கிறது. எல்லாம் மில்லிமீட்டர். கணவன் உடனே பென்சிலை எடுத்துப் பலகையில் கோடு போடப் போகிறான்.

"ஏங்க, கொஞ்சம் பொறுங்க. இந்த அளவு பெட்டிக்கு உள்ளேயா, வெளியேயா?"

"அளவுன்னா அளவுதான். உள்ளே என்ன, வெளியே என்ன?"

"கீழே பொடி எழுத்துல 'உள் அளவு'ன்னு போட்டிருக்கே!"

அந்தப் பொடி எழுத்துதான் முழுப் பெட்டிக்கும் உயிர். கணக்குப் போட்டுப் பாருங்கள். உள் அளவு 200, 330, 250 என்றால் பெட்டிக்குள் 16.5 லிட்டர் காற்று இருக்கும். அதையே வெளி அளவு என்று நினைத்து அறுத்தால் என்ன ஆகும்? ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு பலகைத் தடிமன் போய்விடும். அதாவது 36 மில்லிமீட்டர் போய்விடும். உள்ளே 164, 294, 214 தான் மிஞ்சும். காற்று 10.3 லிட்டராகக் குறைந்துவிடும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நஷ்டம். மேளம் மொண்ணையாகக் கேட்கும். அறுத்த பலகையை ஒட்டவைக்க முடியுமா?

சரியாக அறுத்தால் ஒரு பெட்டிக்கு ஆறு பலகை வரும். பக்கத்துக்கு 330-க்கு 250 அளவில் இரண்டு. மேலுக்கும் கீழுக்கும் 236-க்கு 250 அளவில் இரண்டு. முன்னுக்கும் பின்னுக்கும் 236-க்கு 366 அளவில் இரண்டு. இரண்டு பெட்டிக்குமாகப் பன்னிரண்டு பலகை. மொத்தம் ஏறக்குறைய 10 சதுர அடி. எட்டுக்கு நாலு அடிப் பலகையில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகாது. இவை உதாரணத்துக்குச் சொன்ன அளவுகள். உங்கள் கிட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் உங்களுக்கு அளவு.

எந்தப் பலகை வாங்குவது? இங்கேதான் கேம்பல் பேயின் மழை குறுக்கே வருகிறது. சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. இந்தத் தீவில் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல். போதாததற்கு உப்புக் காற்று. மரத்தூளை அழுத்திச் செய்த எம்.டி.எப். பலகையை வெளிநாட்டுப் புத்தகங்கள் புகழும். அது இங்கே ஈரம் குடித்து ரொட்டி போல உப்பிவிடும். மெரைன் பிளைவுட் வாங்குவதே நல்லது. அதன்மேல் 'ஐ.எஸ். 710' என்று முத்திரை குத்தியிருக்கும். அந்த எண்ணைப் படித்துப் பார்த்து வாங்க வேண்டும். வாய்ச்சொல்லை நம்பக்கூடாது. காட்டு மரத்தை வெட்டிக்கொள்ளலாம் என்ற எண்ணமும் வேண்டாம். கிரேட் நிக்கோபார் 1989 முதல் உயிர்க்கோளக் காப்பகம்.

ஸ்பீக்கர் வாங்கும்போதும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கூம்பைச் சுற்றி ஒரு மெத்தென்ற வளையம் இருக்கும். அது நுரையால் ஆனதா, ரப்பரால் ஆனதா? நுரை வளையம் ஈரத்திலும் வெப்பத்திலும் சில ஆண்டுகளில் பொடியாக உதிர்ந்துவிடும். ரப்பர் வளையம் நெடுநாள் உழைக்கும்.

பலகைகளைத் தண்ணீரில் கரையாத பசை தடவிச் சேர்க்க வேண்டும். திருகாணி பித்தளையில் அல்லது துரு ஏறாத எஃகில் இருக்கட்டும். பசை காயும்வரை கயிறு கட்டி, குச்சியால் முறுக்கி இறுக்கி வைக்கலாம். அப்போது பெட்டி கோணிப் போகும். மூலைக்கு மூலை குறுக்காக அளந்து பாருங்கள். இரண்டு குறுக்கு அளவும் ஒன்றாக இருந்தால் பெட்டி நேர். இடுக்குகளில் மரத்தூளும் பசையும் குழைத்து அடையுங்கள். ஊசி முனை அளவு ஓட்டை இருந்தாலும் காற்று 'புஸ்' என்று சத்தம் போடும்.

ஸ்பீக்கரை இப்போதே மாட்டக்கூடாது. அதைத் துணியில் சுற்றி வேறு அறையில் வைத்துவிடுங்கள். இரும்புத் தூள் பறந்தால் காந்தம் இழுத்துக்கொள்ளும். சுருளின் இடுக்கில் ஒரு தூள் புகுந்தால் ஆயுளுக்கும் கரகரப்புதான்.

முதலில் பூச்சு வேலை. பலர் இதை அழகு வேலை என்று நினைக்கிறார்கள். கடைசியில், பணம் மிஞ்சினால் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுகிறார்கள். அழகு சென்னைக்காரருக்கு. கடலோரத்தில் பூச்சுதான் பெட்டியின் தோல்.

உப்புத்தாளில் எண் போட்டிருக்கும். எண் சிறியதானால் சொரசொரப்பு அதிகம். 80-ஆம் எண்ணில் தொடங்கி, 120, பிறகு 220 என்று தேய்க்க வேண்டும். மர இழை போகும் திசையிலேயே தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்தால் கீறல் விழும். பூச்சு பூசிய பிறகுதான் அந்தக் கீறல் கண்ணுக்குத் தெரியும். அப்போது அழுது பயனில்லை. தேய்க்கும்போது மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள்.

அரக்கு மெருகு பார்க்க அழகுதான். ஈரம் பட்டால் வெள்ளை படர்ந்துவிடும். பி.யு. என்று சொல்லும் பாலியூரித்தேன் பூச்சு இந்த ஊருக்கு ஏற்றது. சிலவகை இரண்டு டப்பாவாக வரும். எத்தனை பங்குக்கு எத்தனை பங்கு கலப்பது என்று டப்பாவில் எழுதியிருக்கும். படித்து, அளந்து கலக்க வேண்டும். கண்ணளவு உதவாது. மழை பெய்யும் நாளில் பூசாதீர்கள். ஜனவரி முதல் மார்ச் வரை மழை சற்றுக் குறையும். அந்த நாட்களில், பனி விலகிய பிறகு பூசலாம். மெல்லியதாக மூன்று முறை. ஒவ்வொரு முறையும் நன்றாகக் காயவிட்டு, 320-ஆம் எண் உப்புத்தாளால் லேசாகத் தடவி, தூசி துடைத்து, மறுபடி பூசவேண்டும். அடுப்பு எரியும் இடத்தில் பூசக்கூடாது. தின்னர் குப்பென்று தீப்பற்றும். குழந்தைகளையும் தள்ளி வையுங்கள்.

வெளியே மூன்று கை பூசினால் போதுமா? போதாது. உள்ளேயும் பூசவேண்டும். உள்ளே யார் பார்க்கப் போகிறார்கள் என்று கேட்பீர்கள். ஈரம் பார்க்கும்! ஒரு பக்கம் மட்டும் பூசிய பலகை மறுபக்கம் ஈரம் குடிக்கும். அந்தப் பக்கம் உப்பும். பலகை வளையும். ஒட்டு விடும். ஸ்பீக்கருக்கு வெட்டிய வட்ட ஓட்டையின் விளிம்பும் அப்படித்தான். வெட்டிய விளிம்பு ஈரத்துக்குத் திறந்த வாய். ஊபர் ஓட்டை வழியாகக் கையை விட்டு உள்சுவர் முழுவதும் இரண்டு முறை பூசிவிடுங்கள்.

பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகு, பஞ்சு, கிராஸ்ஓவர், ஸ்பீக்கர் என்று உள்ளே போகும். ஸ்பீக்கரைப் பசை போட்டு ஒட்டாதீர்கள். ரப்பர் பட்டை வைத்துத் திருகாணியால் முடுக்குங்கள். நாளைக்குக் கழற்ற வேண்டுமே. முடுக்கும்போது ஒரு கையால் கூம்பை மறைத்துக்கொள்ளுங்கள். ஸ்குரூ டிரைவர் இரும்பு. காந்தம் வெடுக்கென்று இழுக்கும். அனுபவமுள்ள மெக்கானிக் கையிலேகூடக் கூம்பு கிழிவது இப்படித்தான்.

ஒயரில் கூட்டல், கழித்தல் இரண்டு பக்கம் உண்டு. இரண்டு பெட்டியிலும் ஒரே மாதிரி மாட்ட வேண்டும். ஒன்றில் மாறிப்போனால் ஒரு கூம்பு காற்றைத் தள்ளும்போது இன்னொன்று இழுக்கும். மேளம் காணாமல் போகும். சோதிப்பது சுலபம். டார்ச் லைட்டில் போடும் 1.5 வோல்ட் பேட்டரி ஒன்று போதும். பெட்டியின் கூட்டல் முனையில் பேட்டரியின் கூட்டல், கழித்தலில் கழித்தல். ஒரு நொடி தொட்டு எடுங்கள். ஊபர் கூம்பு வெளியே வந்தால் சரி. இரண்டு பெட்டியும் ஒரே பக்கம் அசைய வேண்டும். இந்த ஒயரை வீட்டுச் சுவரில் உள்ள பிளக்கில் மட்டும் ஒருபோதும் செருகக்கூடாது. உயிர் போகும்.

செட்டின் பின்னால் '8 ஓம்' என்று எழுதியிருந்தால் 4 ஓம் ஸ்பீக்கர் மாட்டாதீர்கள். செட் சூடாகிக் கெட்டுப்போகும்.

இவ்வளவும் ஆன பிறகு பாட்டுப் போடலாம். முதல் நாளே சத்தமாக வைக்க வேண்டாம். பேச்சுக் குரலை முதலில் கேளுங்கள். வானொலிச் செய்தி போதும். மனிதக் குரல் மனிதக் குரலாகக் கேட்டால் பெட்டி தேறிவிட்டது. தரையில் வைக்காமல் ஒரு மேடைமேல், சுவரை விட்டு ஒரு சாண் தள்ளி வையுங்கள். சுவரில் மழை ஈரம் ஊறும்.

அந்தக் கணவன் மனைவிக்கு இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. ஒரு சின்னத் தாளில் மனைவி எழுதுகிறாள். உள் அளவு, எத்தனை ஓம், சிவப்பு ஒயர் எந்த முனையில், கறுப்பு ஒயர் எந்த முனையில், பூச்சு பூசிய மாதமும் ஆண்டும். கணவன் அதைப் பெட்டியின் பின்பலகையில் ஒட்டுகிறான். தாள் ஈரத்தில் ஊறாமல் இருக்க, டப்பாவில் மிஞ்சிய பூச்சை அதன்மேலும் ஒரு கை தடவிவிடுகிறான்.