உபாத்தியாயர்களும் இணையக் கல்விச் சாதனங்களும்

(நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



ஒரு காலத்தில் நம் பிள்ளைகட்குப் புத்தகம் கிடைப்பதே அரிதாயிருந்தது. இக்காலத்திலோ பெரும் புத்தகசாலைகள் கைப்பேசிக்குள் அடங்கிவிட்டன. 1998ஆம் ஆண்டில் தொடங்கிய மதுரைத் திட்டம் நமது பழந்தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாய் வழங்கி வருகிறது. 2018ஆம் ஆண்டு முதல் வெளிவந்த தமிழ்நாட்டுப் புதிய பாடநூல்களில் கியூ.ஆர். குறியீடுகள் அச்சாகியுள்ளன. ஆயினும், சாதனம் பெருகிய அளவிற்குக் கல்வி பெருகிற்றா என்பதே யான் இன்று ஆராயப் புகும் விஷயம்.

படத்தை ஓடவிட்டு உபாத்தியாயர் ஒதுங்கி நிற்பாராயின், அது வேடிக்கையேயன்றிப் பாடமாகாது. ஓர் உதாரணம் கூறுவேன். நோபெல் பரிசு பெற்ற கார்ல் வீமன் என்னும் பௌதிக சாஸ்திரி, 2002ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கொலராடோ சர்வகலாசாலையில் 'ஃபெட்' என்னும் திட்டத்தைத் தோற்றுவித்தார். அதிலுள்ள பாவனைச் சோதனைகள் பல தமிழிலும் உள. ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்டால் இணையமின்றியும் இயங்கவல்லன.

அவற்றுள் மின்சுற்றுப் பாடத்தைக் கற்பிக்கும் ஆசிரியர் முதலில் திரையை மூடிவைத்துக்கொண்டு, "ஒரு பல்பு எரியும் சுற்றில் அதே தொடரில் மற்றொரு பல்பை இணைத்தால் ஒளி கூடுமா, குறையுமா?" என வினவுக. மாணாக்கர் தத்தம் விடையை எழுதிய பின்னரே திரையைக் காட்டுக. தொடராய் இணைத்தபோது ஒளி மங்குவதையும், பக்கமாய் இணைத்தபோது மங்காமையையும் அவர்கள் கண்டு தெளிவர். பின்பு மெய்யான மின்கலத்தையும் பல்புகளையும் அவர்கள் கையிற் கொடுக்க. அங்கே பக்கமாய் இணைத்தபோதும் ஒளி சிறிது மங்கக் கூடும். மின்கலத்தின் உட்தடையே அதற்குக் காரணம். திரைக்கும் மெய்ம்மைக்குமுள்ள அவ்வேற்றுமையே அடுத்த பாடமாகும். இவ்வாறு வினவத் தெரிந்த உபாத்தியாயர் இல்லையேல் எச்சாதனமும் வீணே.

இனி நம் கடமையைக் கூறி முடிப்பேன். 2020ஆம் ஆண்டில் பெருந்தொற்றினாற் பள்ளிகள் மூடப்பட்டபோது, கைப்பேசி இருந்த வீட்டுப் பிள்ளை படித்தது. இல்லாத வீட்டுப் பிள்ளை பின்தங்கியது. ஒரே கைப்பேசியுள்ள வீட்டிலும் தந்தை வேலைக்கு அதனை எடுத்துச் சென்றபின் பிள்ளைகட்கு அது எட்டவில்லை. மாலையிலும் அண்ணனுக்கே அது முதலிற் கிடைத்தது, தங்கை காத்திருந்தாள். இக்குறையை உபாத்தியாயர் ஒருவராற் போக்க இயலாது.

ஆதலின் நமது சங்க மண்டபத்தில் ஒரு பெருந்திரையும் இணைய வசதியும் அமைத்து, மாலைதோறும் ஒரு மணி நேரம் திறந்து வைக்க வேண்டுமென வேண்டுகிறேன். நம்முள் உபாத்தியாயத் தொழில் புரியும் அன்பர்கள் முறைவைத்து வந்து கற்பிப்பாராக. பெண்குழந்தைகட்கு முன்வரிசை அளிப்போமாக. அண்டை வீட்டுப் பிள்ளை எக்குலத்தினதாயினும் உள்ளே வருக. கல்விக்கு வேலியிடுதல் கற்றோர்க்கு அழகன்று. விவாகப் பந்தலுக்குச் செலவிடும் பொருளில் ஒரு சிறு பங்கு இதற்குப் போதும்.