நுழைவதும் பொருந்துவதும்



சென்ற கோடை விடுமுறையில் என் வீட்டுக் கூடத்தில் நிகழ்ந்த ஒரு சிறு நிகழ்ச்சியை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். அதில் பிழை செய்தவன் மாணவன் அல்லன். முப்பது ஆண்டுகள் இயற்பியல் கற்பித்துத் தலைமையாசிரியனாக ஓய்வு பெற்ற நானே.

கல்லூரியில் முதலாண்டு பயிலும் என் பேரன், இரண்டு ஆண்டுகளாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைக் கொண்டு, உறுப்புகளைத் தனித்தனியே வாங்கித் தானே ஒரு கணினியை அமைத்தான். அவற்றுள் விலை மிகுந்தது கிராபிக்ஸ் கார்டு. திரையில் தோன்றும் உருவங்களைக் கணக்கிட்டு ஆக்கித் தரும் அட்டை அது. அதன் மின்பசி பெரிது. மதர்போர்டில் அது அமரும் இடத்திலிருந்து 75 வாட் வரையில்தான் மின்சாரம் பெறலாம். மேலும் வேண்டுவதை, கடைக்காரர்கள் எஸ்.எம்.பி.எஸ். என்று வழங்கும் மின்வழங்கியிலிருந்து தனிக் கேபிள் வழியாகக் கொண்டுவர வேண்டும். 6 பின் கொண்ட இணைப்பு 75 வாட்டுக்கும், 8 பின் கொண்டது 150 வாட்டுக்கும் உரியவை.

அவனுடைய கார்டுக்கு 8 பின் இணைப்புகள் இரண்டு தேவை. புதிய மின்வழங்கியின் கேபிள் ஒன்றைப் பொருத்திவிட்டு, மற்றொன்றைத் தேடிக்கொண்டிருந்தான். பழைய மின்வழங்கியின் கேபிள் அருகில் கிடந்தது.

“தாத்தா, இது வேறு எஸ்.எம்.பி.எஸ்.ஸோடு வந்தது. இதைப் போடலாமா?” என்று கேட்டான்.

“நுழைகிறதல்லவா? நுழைந்தால் சரிதான், போடு” என்றேன்.

என் சொல்லை அவன் தட்டவில்லை. பொத்தானை அழுத்தினான். விசிறி ஒரு கணம் அசைந்து நின்றது. பிறகு ஓர் ஒலியும் இல்லை. அவன் என்னை ஒரு வார்த்தை குறை கூறவில்லை. அந்த மௌனமே என்னைச் சுட்டது.

அன்றிரவு இருவரும் மின்வழங்கியின் கையேட்டைப் படித்தோம். கேபிளின் கார்டுப் பக்க முனைக்குப் பொது அமைப்பு உண்டு. மின்வழங்கிப் பக்க முனைக்கு அத்தகைய பொது விதி இல்லை. உற்பத்தியாளர்கள் தத்தம் விருப்பப்படி பின்களை வரிசைப்படுத்துகிறார்கள். ஆகவே, வேற்றுக் கேபிள் ஒழுங்காக நுழைந்தாலும், மின்சாரம் திரும்பிச் செல்லவேண்டிய கம்பியில் 12 வோல்ட் வந்து நிற்கக்கூடும். எங்கள் மின்வழங்கியில் இருந்த பாதுகாப்புச் சுற்று உடனே மின்சாரத்தைத் துண்டித்துவிட்டது. உரிய கேபிளைத் தேடியெடுத்துப் பூட்டியதும் கணினி உயிர் பெற்றது. அது எங்கள் நற்பேறு. எல்லோருக்கும் அது வாய்ப்பதில்லை.

இவ்வகை ஏமாற்றம் இன்னொன்றும் உண்டு. செயலிக்குச் செல்லும் கேபிளிலும் 8 பின்களே உள்ளன. ஆனால் அதில் நான்கு கம்பிகள் 12 வோல்ட். நான்கு திரும்பு கம்பிகள். கார்டுக்குரியதிலோ மூன்று மட்டுமே 12 வோல்ட். முன்னது பெரும்பாலும் நான்கும் நான்குமாகப் பிரியும். பின்னது ஆறும் இரண்டுமாகப் பிரியும். பின்களின் வடிவத்தை வேறாக அமைத்திருப்பது நம்மைத் தடுப்பதற்கே. தடை தோன்றினால் வலிந்து அழுத்தாமல், முனையில் பொறித்த எழுத்தைப் படியுங்கள்.

உரிய கேபிளையும் முழுவதும் செருகவேண்டும். 2022-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆர்.டி.எக்ஸ். 4090 கார்டுகள் சிலவற்றில், 16 பின் கொண்ட புதுவகை இணைப்பு உருகியது. முனை முழுமையாகச் செருகப்படாமையே பொதுவாகக் காணப்பட்ட குறை என்று எண்விடியா நிறுவனம் அறிவித்தது. கணக்கிட்டுப் பாருங்கள். அவ்விணைப்பின் உச்ச அளவு 600 வாட். அதை 12 வோல்ட்டால் வகுத்தால் 50 ஆம்பியர். அது ஆறு பின்களில் பகிரப்படும்போது, ஒவ்வொன்றிலும் எட்டு ஆம்பியருக்கு மேல் பாய்கிறது. பின் அரைகுறையாகத் தொட்டால் அவ்விடத்தில் மின்தடை கூடும். மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்பத் தோன்றும் வெப்பம் அங்கே குவியும். 2023-ஆம் ஆண்டில் இவ்விணைப்பைத் திருத்தியபோது, முழுவதும் நுழையாவிடில் மின்சாரம் எடுக்காதவாறு அதன் உணர் பின்களைக் குட்டையாக்கினர்.

ஆகவே, வேலை தொடங்குமுன் சுவிட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்குங்கள். பெட்டியின் உலோகத்தைத் தொட்டு, உடலில் தேங்கிய நிலைமின்னைப் போக்குங்கள். இரண்டு இணைப்புகள் தேவைப்படும் கார்டுக்கு, இரு தலை கொண்ட ஒரே கேபிளைவிடத் தனித்தனிக் கேபிள்கள் இரண்டு நல்லவை. கொக்கி ‘டக்’கென்று விழும் வரை நேராக அழுத்துங்கள், முனையை ஒட்டிக் கேபிளை மடக்காதீர்கள்.

நுழைவதெல்லாம் பொருந்துவதாகா. இதனை நான் அறுபது வயதுக்கு மேல் என் பேரனிடத்தில் கற்றேன். அவன் மனத்தில் ஓர் ஐயம் எழுந்தது. என் வயதுக்கு மதிப்பளித்து அதை அடக்கிக்கொண்டான். நீங்கள் அவ்வாறு அடக்கவேண்டாம். பெரியவர் சொன்னாலும், ஆசிரியரே சொன்னாலும், “கையேட்டை ஒருமுறை பார்த்துவிடலாமா?” என்று பணிவோடு கேளுங்கள். அந்தக் கேள்வியால் எங்கள் மதிப்புக் குறையாது. உங்கள் உழைப்பின் பயன் கருகாமல் இருக்கும்.