‘விபத்து’ என்னும் சொல்லுக்குள் ஒளியும் குற்றம்

(மும்பைத் தமிழ்த் தோழர்களுக்கான அரசியல் வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



குடிபோதையில் வாகனம் ஓட்டுவோரால் மாண்டவர்களுக்காகக் குரல் கொடுப்பது மெழுகுவத்தி ஏந்தும் நடுத்தர வர்க்கத்தின் வேலை என்றோர் எண்ணம் நம்மிடையே நிலவுகிறது. அதை மறுக்க நான் தொலைவு செல்ல வேண்டியதில்லை. இதே நகரின் பாந்திரா கார்ட்டர் சாலையில், 2006 நவம்பர் 12 அதிகாலையில், சாலைப் பணியில் ஈடுபட்டிருந்த தொழிலாளர்கள் நடைபாதையில் உறங்கிக்கொண்டிருந்தார்கள். மது அருந்திய இளைஞர் ஒருவர் ஓட்டிவந்த கார் அவர்கள்மீது ஏறியது. 7 பேர் மாண்டனர். 8 பேர் காயமுற்றனர். நகரத்துக்குச் சாலை போட வந்தவர்களுக்கு அந்நகரில் ஒரு கூரை ஏன் இல்லை என்ற கேள்வியை எந்தக் குற்றப்பத்திரிகையும் எழுப்புவதில்லை.

அவ்வழக்கில் விசாரணை நீதிமன்றம் ‘கவனக்குறைவால் மரணம்’ என்று முடிவு செய்து 6 மாதச் சிறை விதித்தது. மக்களிடையே கொதிப்பு எழுந்தது. உயர் நீதிமன்றம் தானே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. அரசும் மேல்முறையீடு செய்தது. 2007இல் தண்டனை 3 ஆண்டாயிற்று. 2012 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது.

மொழிபெயர்ப்பு என் அன்றாடப் பணி. ஆதலால் சொற்களுக்கிடையிலான தொலைவை அளக்கும் பழக்கம் எனக்குண்டு. ‘கவனக்குறைவு’ என்பதற்கும் ‘மரணம் நேரக்கூடும் என்று அறிந்தே செய்தது’ என்பதற்கும் இடையே பழைய தண்டனைச் சட்டத்தில் 8 ஆண்டுத் தொலைவு இருந்தது. முன்னதற்கு அதிகபட்சம் 2 ஆண்டு, பின்னதற்கு 10 ஆண்டு. பாரதிய நியாய சன்ஹிதாவில் முன்னது 5 ஆண்டாகியிருக்கிறது, வேறுபாடு மறையவில்லை. குடித்துவிட்டு வண்டிச் சாவியைக் கையில் எடுப்பவர் கவனம் சிதறியவர் அல்லர். அவர் அறிந்தே எடுக்கிறார். இந்த ஒரு சொல்லுக்காகத்தான் பாதிக்கப்பட்ட குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் நீதிமன்றப் படியேறுகின்றன.

அந்த அறிவை மெய்ப்பிக்கும் சான்று இரத்தத்தில் இருக்கிறது. மணிக்கு மணி கரைந்தும் போகிறது. 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 30 மில்லி கிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவு. கைதானவரை 2 மணி நேரத்துக்குள் மருத்துவச் சோதனைக்கு உட்படுத்த வேண்டும். ஏழைக்கு இது தவறாமல் நடக்கிறது. 2024 மே மாதம் புனேயில் சொகுசுக் கார் மோதி இரண்டு இளம் பொறியாளர்கள் மாண்டபோது நடந்தது என்ன? காரை ஓட்டிய 17 வயதுச் சிறுவனுக்கு 300 சொல்லில் கட்டுரை எழுதும் நிபந்தனையோடு பிணை கிடைத்தது. இரத்த மாதிரியை மாற்றிவைத்ததாக மருத்துவர்களே கைதானார்கள். அதே ஆண்டு ஜூலை 7இல் வொர்லியில் மீன் வாங்கித் திரும்பிய தம்பதியர்மீது கார் மோதியது; மனைவி இழுத்துச் செல்லப்பட்டு மாண்டார். குற்றம் சாட்டப்பட்டவர் ஆளுங்கூட்டணிப் பிரமுகரின் மகன். அவர் பிடிபட்டது ஜூலை 9இல். இரண்டு நாளுக்குப் பின் இரத்தம் என்ன சாட்சி சொல்லும்?

குடிமக்கள் இயக்கங்கள் வென்றெடுத்ததை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. விபத்தால் சக்கர நாற்காலிக்குத் தள்ளப்பட்ட சண்டிகரின் ஹர்மன் சித்துவும் தமிழ்நாட்டின் வழக்கறிஞர் கே.பாலுவும் நடத்திய வழக்குகளின் விளைவாகத்தான், நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று 2016 டிசம்பர் 15இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசுகள் என்ன செய்தன? மாநில நெடுஞ்சாலைகளை மாவட்டச் சாலைகள் என்று பெயர் மாற்றின. சாலையும் கடையும் இருந்த இடத்திலேயே இருந்தன. 2017இல் நகராட்சி எல்லைகளுக்கு உச்ச நீதிமன்றமே விலக்களித்தது. மது வருவாயில் கருவூலத்தை நிரப்பும் எந்த ஆட்சியையும் இதில் தனியே பிரித்துக் காப்பாற்ற என்னால் இயலவில்லை.

ஓட்டுநர்களும் தொழிலாளர்கள்தாமே என்று தோழர்கள் கேட்கலாம். 2024 ஜனவரியில் 106(2)ஆம் பிரிவை எதிர்த்து லாரி ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம் செய்ததும், அப்பிரிவு நிறுத்திவைக்கப்பட்டதும் சரியே. நாளொன்றுக்கு 8 மணி நேர வேலை என்று சட்டம் சொல்லியும் இரவும் பகலும் ஓட வைக்கும் உரிமையாளரைக் கூண்டிலேற்றக் கோருவது நம் கடமை. ஆனால் அந்தச் சுரண்டல், குடித்துவிட்டு ஓட்டுவதற்கான உரிமச்சீட்டு ஆகாது. 2022இல் இந்நாட்டுச் சாலைகளில் மாண்ட 1,68,491 பேரில் பெரும்பான்மையினர் இருசக்கர வாகனத்தில் சென்றவர்களும் நடந்து சென்றவர்களும். அவர்களும் நம் வர்க்கமே.

இனி நடைமுறைக்கு வருகிறேன். மரணம் நேர்ந்த வீட்டுக்குச் சமரசம் பேசுபவர் வந்துவிடுகிறார். நாம் பிந்தி வருகிறோம். இழப்பீடு என்பது இறந்தவரின் வருமானத்தை அவர் வயதுக்குரிய எண்ணால் பெருக்கிக் கணக்கிடப்படுவது. மாதச் சம்பளக்காரருக்கு வங்கிக் கணக்கு சாட்சி. நாக்காவில் நின்று கூலிக்குப் போனவருக்குச் சங்க அட்டையும் மேஸ்திரியின் வாக்குமூலமும்தான் சாட்சி. அவற்றைத் திரட்டித் தருவது நம்மால் மட்டுமே ஆகும். 40 வயதுக்குட்பட்ட சுயதொழில் செய்வோருக்கும் எதிர்கால வருவாயாக 40 விழுக்காடு சேர்க்க வேண்டும் என 2017இல் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்துள்ளது. இல்லத்தரசியின் உழைப்புக்கும் மதிப்பிட்டாக வேண்டும். ஓட்டியவர் குடித்திருந்தார் எனக் காப்பீட்டு நிறுவனம் கைவிரித்தாலும் அஞ்ச வேண்டாம். முதலில் கொடுத்துவிட்டுப் பின்னர் உரிமையாளரிடம் வசூலித்துக்கொள் என்றே நீதிமன்றங்கள் பெரும்பாலும் ஆணையிடுகின்றன. மோதிய வண்டி அடையாளம் தெரியாமல் தப்பிவிட்டாலும் மரணத்துக்கு 2 லட்சம் ரூபாய் உண்டு.

2022 ஏப்ரல் முதல், இழப்பீட்டு மனுவை 6 மாதத்துக்குள் தாக்கல் செய்யச் சொல்கிறது சட்டம். துக்கத்திலிருக்கும் குடும்பத்துக்கு ஆறு மாதம் ஆறு நாளாகக் கழிந்துவிடும். தவிரவும் இங்கே முதல் தகவல் அறிக்கை மராத்தியில் எழுதப்படுகிறது. ‘கவனக்குறைவு’ என்று எழுதியிருக்கிறதா, ‘அறிந்தே’ என்று எழுதியிருக்கிறதா என்பது நம் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்குத் தெரிவதேயில்லை. படியைப் பெற்று என்னிடம் கொண்டுவாருங்கள். அன்றைக்கே தமிழில் பெயர்த்துத் தருகிறேன்.