எண்ணுதலும் திருத்துதலும்

பார்வையற்ற என் பழைய மாணவர் ஒருவர், பல்கலைக்கழக இணையதளம் ஒன்றில் தம் தேர்வு நாளைத் தேடினார். திரையைப் படித்துச் சொல்லும் மென்பொருள், "தேர்வு அட்டவணை" என்னும் இரு சொற்களை மட்டும் உரைத்து ஓய்ந்தது. அட்டவணை முழுவதும் படமாக இடப்பட்டிருந்தது. அவ்விரு சொற்களே அதற்குரிய மாற்றுரை. தானியங்கிச் சோதனைக் கருவி கொண்டு அப்பக்கத்தை நான் ஆராய்ந்தேன். "பிழையில்லை" என்றது கருவி!

எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5-க்கு 1 என்னும் ஒளி வேறுபாடு உண்டா, படத்திற்கு மாற்றுரை உண்டா என்பவற்றைக் கருவி நொடியில் காணும். அம்மாற்றுரை படத்தின் பொருளைத் தருகின்றதா என்பதை அஃது அறியாது. உலகளாவிய வலைக் கூட்டமைப்பின் 2008ஆம் ஆண்டு நெறிமுறைகள் கோருவதோ அந்தப் பொருளையே. கட்டுரை ஏடுகளை எண்ணுதல் வேறு, திருத்துதல் வேறன்றோ?

ஆதலின், கருவி காட்டும் பிழைகளைக் களைந்த பின், பார்வையற்றவர் ஒருவரையே அத்தளத்தை இயக்கிப் பார்க்க வேண்டுங்கள். அவர் தம் தேர்வு நாளை அறிந்தால், அதுவே தளத்தின் தேர்ச்சி.